27 மாவட்டத்துக்குத் தளர்வு, மலைக்கு மட்டும் பூட்டு: ஊரடங்கு, இ-பாஸ், ஊசி பற்றி நீலகிரிக்காரர்கள் பேசும் இழை

சேரிங்கிராஸ் டிரைவர் | 8 ஜூன் 2021

நேற்றிலிருந்து 27 மாவட்டங்களில் வாடகை டாக்சி ஓடலாம். இ-பதிவு செய்துவிட்டு மூன்று பேரை ஏற்றிக்கொள்ளலாம். எலக்ட்ரிஷியன், பிளம்பர் எல்லாருக்கும் வழி விட்டிருக்கிறார்கள். தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்கு அது கிடையாது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று போகும் அந்தப் பட்டியலில் நம் நீலகிரியும் இருக்கிறது. மளிகையும் காய்கறியும் வாங்கலாம், அவ்வளவுதான்.

பட்டியலில் சேர்த்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. கேஸ் இருக்கிறது. ஆனால் இந்த மலையில் ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் சம்பாதித்து மீதி வருடத்தை ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? டாக்சி, ஜீப், காட்டேஜ், குதிரைக்காரர், போட்டோ எடுப்பவர், ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கும் அக்கா. 2020 சீசன் போச்சு. 2021 சீசனும் போச்சு. இரண்டு வருடமாக மலர்க் கண்காட்சி இல்லை. போன வருடமாவது ஆறு மாதம் வண்டித் தவணையைத் தள்ளி வைக்க விட்டார்கள் (வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அது வேறு கதை). இந்த வருடம் அதுவும் இல்லை. ரேஷன் கார்டுக்கு 4,000 ரூபாயில் முதல் 2,000 வந்தது. வண்டித் தவணையில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

மேலே வருவதற்குக் கலெக்டரிடம் இ-பாஸ் வாங்க வேண்டும், அதுவும் அவசரத்துக்கு மட்டும். சரி. எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டால் திறப்பார்களா? அந்த ஊசி எப்போது வரும்? போன வாரம் மாநிலம் முழுக்கக் கையிருப்பு தீர்ந்து முகாம்கள் நின்றன. நேற்று சாயங்காலம் பிரதமர் டி.வி.யில் 21-ஆம் தேதியிலிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் மத்திய அரசே வாங்கி இலவசமாகத் தரும் என்கிறார். எதை நம்புவது?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

பச்சைத்தேயிலை | 8 ஜூன்

தம்பி, உன் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் கேட்டைத் திறக்கச் சொல்லாதே.

நான் கோத்தகிரிப் பக்கம். இங்கே ஒருவருக்கு மூச்சு முட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். நிலைமை மோசமானால் கோவைக்குத்தான் இறக்க வேண்டும். குஞ்சப்பனை வழியாகவோ பர்லியார் வழியாகவோ, அத்தனை வளைவையும் ஆக்சிஜன் போட்டபடியே தாண்ட வேண்டும். மே கடைசியில் கோவையின் தினசரி எண்ணிக்கை சென்னையையே முந்திவிட்டது. அந்தக் கோவைதான் நமக்கு ஐ.சி.யூ. கீழே இடம் இல்லை என்றால் மேலே நமக்கு என்ன இருக்கிறது?

ஊட்டியில் மருத்துவக் கல்லூரி கட்டி முடிந்தால் அன்றைக்குப் பேசலாம். அதுவரை கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் தடுப்பு இருக்கட்டும்.

சேரிங்கிராஸ் டிரைவர் | 8 ஜூன்

ஐயா, உங்களுக்குத் தேயிலை இருக்கிறது. ஊரடங்கிலும் கொழுந்து வளரும், ஃபேக்டரி ஓடும். என் வண்டி நின்ற இடத்தில் நின்று டயர்தான் வெடிக்கிறது.

பச்சைத்தேயிலை | 9 ஜூன்

நீ சொல்வதில் பாதி உண்மை. போன வருடம் மார்ச் கடைசியில் எங்களுக்கும் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். பறித்த கொழுந்தைக் கொட்டினோம். ஏப்ரலில்தான் பாதி ஆள் வைத்து ஓட்ட அனுமதி வந்தது. அப்புறம் விலை ஏறியது நிஜம். அசாமில் ஊரடங்கால் முதல் பறிப்பே போய்விட்டது, நாட்டில் தூள் தட்டுப்பாடு, அதனால் குன்னூர் ஏலத்தில் நம் தூளுக்கு மதிப்பு வந்தது. பல வருடம் பார்க்காத கொழுந்து விலையைப் பார்த்தோம். அசாம்காரன் நஷ்டத்தில் நமக்கு வந்த காசு அது. இந்த வருடம் அங்கே இலை வந்துவிட்டது, இங்கே விலை இறங்கிக்கொண்டிருக்கிறது.

கேரட், பீட்ரூட் போட்டவனைக் கேள். முகூர்த்த மாதத்தில் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றால் மூட்டையை யார் வாங்குவார்?

லைன்வீடு | 9 ஜூன்

யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். டூரிஸ்ட் வரக்கூடாது என்று ஏப்ரல் 20-லேயே நிறுத்திவிட்டார்கள். மே முழுக்க மலையில் ஒரு டூரிஸ்ட் வண்டி இல்லை. அப்புறம் மே கடைசியில் கேஸ் எப்படி இவ்வளவு ஏறியது?

நாங்கள்தான் கொண்டு வந்தோம். நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தவன். கம்பெனி மூடியதும் ஊருக்கு வந்தேன். என்னைப் போல எத்தனையோ பேர். வராமல் எங்கே போவது? எங்கள் தாத்தா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர், அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயில் வேலை செய்தவர். குடும்பம் இன்னும் லைன் வீட்டில்தான் (தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடு) இருக்கிறது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ஏழு பேர். பாசிட்டிவ் வந்தால் தனி அறையில் இரு, தனிக் கழிப்பறை வைத்துக்கொள் என்கிறார்கள். எங்கள் லைனில் கழிப்பறையே பொதுதான். நான் வந்த அன்று இரவு அப்பா வெளியே திண்ணையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தார், எனக்கு உள்ளே இடம் விட்டு. மே மாதக் குளிரும் மழையும் உங்களுக்குத் தெரியும்.

கேட்டை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் உள்ளே இருக்கிற வீடு இப்படி இருந்தால் பரவத்தான் செய்யும்.

பச்சைத்தேயிலை | 9 ஜூன்

இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. எங்கள் ஹட்டிகளிலும் (படகர் ஊர்கள்) அதுதான் நடந்தது. படகர் வீட்டில் சாவு என்றால் சுற்றியுள்ள ஊர்கள் அத்தனையும் கூடும். 20 பேருக்கு மேல் கூடாது என்று விதி. யாரை வராதே என்று சொல்ல முடியும்? முதல் இரண்டு சாவுக்குச் சொல்ல முடியவில்லை. அப்புறம் ஊர்ப் பெரியவர்களே கூடிப் பேசி நிறுத்தினார்கள்.

சமவெளிக்காரன் | 10 ஜூன்

கோவையிலிருந்து எழுதுகிறேன். யாரையும் புண்படுத்த அல்ல. ஒரு வருடமாக நாலு சுவருக்குள் இருக்கிறோம். வீட்டில் வேலை, வீட்டில் பள்ளி. இரண்டு டோஸும் போட்டாச்சு. ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் சான்றோடு குடும்பமாக இரண்டு நாள் வந்து காட்டேஜுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன கெடுதல்? டிரைவர் அண்ணனுக்கும் சவாரி கிடைக்குமே.

வர்க்கிக் கடை | 10 ஜூன்

வாங்க சார். வரும்போது ஐ.சி.யூ. கட்டில் ஒன்றும் கேரியரில் கட்டிக்கொண்டு வாங்க.

சேரிங்கிராஸ் டிரைவர் | 10 ஜூன்

வர்க்கிக் கடை அண்ணா, அவர் மரியாதையாகத்தான் கேட்டார். சார், நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இன்றைக்கு வந்தால் கல்லாறிலேயே திருப்பி அனுப்புவார்கள். கடுப்பு உங்கள் மேல் இல்லை. போன வருடம் செப்டம்பரில் மாநிலம் முழுக்க இ-பாஸ் எடுத்துவிட்டார்கள், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி மலைகளுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். அப்போது சாதாரண ஆள் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தான். குன்னூரைச் சுற்றி இருக்கிற பங்களாக்களில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சொந்த வீடு என்றால் ஆதாரம் காட்டி வரலாம். லாட்ஜில் தங்குகிறவன் வர முடியாது. வைரஸுக்குப் பட்டா நிலமா, வாடகை அறையா என்று தெரியுமா?

மசினகுடி மச்சான் | 11 ஜூன்

இந்தச் செய்தி பார்த்தீர்களா? வண்டலூரில் சிங்கம் செத்ததும் தெப்பக்காடு முகாம் யானைகள் 28-க்கும் கொரோனா டெஸ்ட்டுக்கு மாதிரி எடுத்து உத்தரப் பிரதேசத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். தும்பிக்கையில் ஒரு ஸ்வாப், பின்னால் ஒரு ஸ்வாப். பாகனும் காவடியும் (உதவிப் பாகன்) ஊசி போட்டாச்சு. பக்கத்தில் கடை வைத்திருக்கும் எனக்கு இன்னும் டோக்கன் கிடைக்கவில்லை. யானையாகப் பிறந்திருக்கலாம்.

குன்னூர் குமார்ஸ் | 11 ஜூன்

நம் குன்னூரிலேயே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. சிம்ஸ் பூங்காவை ஒட்டி அவ்வளவு பெரிய கட்டடம். நூறு வருடத்துக்கு மேல் ஊசி தயாரிக்கிற இடம். அதை வைத்துக்கொண்டு நாம் புனேயிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் எப்போது பெட்டி வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாராவது விளக்க முடியுமா? கேட்டால் எல்லாரும் மழுப்புகிறார்கள்.

பழைய லேப் ஆள் | 12 ஜூன்

இந்தத் துறையில் காலம் தள்ளியவன், இப்போது ஓய்வு. தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1907-இல் நாய்க்கடி வெறிநோய் ஊசிக்காகத் தொடங்கிய இடம் அது. அதற்கு முன்னால் வெறிநாய் கடித்தவர்கள் ஊசி போட இமயமலைப் பக்கம் கசௌலி வரை போக வேண்டும். 1957-இல் ஆசிய ஃப்ளூ பரவியபோது இந்தியாவில் அந்த வைரஸை ஆராய்ந்த இன்ஃப்ளூயன்சா மையமும் குன்னூர்தான். அதனால் பெருந்தொற்று இந்த ஊருக்குப் புதிதல்ல. பிற்காலத்தில் முக்கிய வேலை முத்தடுப்பு ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ். நம் பிள்ளைகளில் பலருக்குப் போட்டது அதுதான்.

2008-இல் குன்னூர், கிண்டி பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) ஆய்வகம், கசௌலி ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உற்பத்தி உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தயாரிப்புத் தரவிதிகளுக்கு ஏற்ற கட்டடம் இல்லை என்று காரணம். எதிர்ப்பு எழுந்தது, 2010-இல் திரும்பக் கொடுத்தார்கள். இடையில் தனியாரிடம் வாங்கினார்கள். விதி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஊசி விஷயத்தில் விதி மிகவும் வேண்டும். மூடுவதற்குப் பதில் பணம் போட்டு அப்போதே கட்டடத்தை மாற்றியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். புதிய பிளான்ட் பல வருடம் கழித்துத்தான் எழுந்தது.

சரி, இப்போது கொரோனா ஊசி செய்ய முடியுமா? முத்தடுப்பு ஊசிக்குப் பாக்டீரியாவை வளர்த்து, அதன் நச்சையோ (கக்குவானுக்கு) பாக்டீரியாவையேயோ செயலிழக்கச் செய்கிறோம். கோவிஷீல்டு அப்படி அல்ல. ஒரு சாதாரண சளி வைரஸை மாற்றி அமைத்து, மனிதச் செல்களில் வளர்க்க வேண்டும். கோவேக்சின் கொரோனா வைரஸையே வீரோ செல்லில் (குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த, ஆய்வகத்தில் வளர்க்கும் செல்) பெருக்கிக் கொன்று எடுப்பது. வீரோ செல் குன்னூருக்குப் புதிதல்ல, வெறிநோய் ஊசியை அதில் செய்திருக்கிறார்கள். ஆனால் உயிருள்ள கொரோனா வைரஸை டேங்க் டேங்காக வளர்க்க உயர்பாதுகாப்புக் கூடம் வேண்டும். காற்று வெளியே போகாத அழுத்தம், தனி வடிகட்டி, தனிக் கழிவு முறை. அதை மூன்று மாதத்தில் கட்ட முடியாது. வேறு இடத்தில் தயாரான மருந்தைக் குப்பியில் அடைக்கிற வேலையை வேண்டுமானால் சீக்கிரம் தொடங்கலாம்.

செங்கல்பட்டில் மத்திய அரசின் எச்.எல்.எல். நிறுவனத்தின் ஊசி வளாகம் கட்டி முடித்தும் சும்மா கிடக்கிறது. மே 25-இல் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அங்கேயும் சாவி கொடுத்த மறுநாள் ஊசி வராது. நாளைக்கு இன்னொரு நோய் வரும்போதாவது அரசின் கையில் ஒரு பிளான்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். என் கவலை அதுதான்.

குன்னூர் குமார்ஸ் | 12 ஜூன்

நன்றி ஐயா. இவ்வளவு தெளிவாக எந்தச் சேனலிலும் சொல்லவில்லை.

இயற்கை வழி | 13 ஜூன்

[மட்டுறுத்துனரால் நீக்கப்பட்டது. ஊசி போட்டவர்கள் இரண்டு வருடத்தில் இறப்பார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தியை இங்கே ஒட்ட வேண்டாம்.]

இயற்கை வழி | 13 ஜூன்

அந்த மெசேஜை விடுங்கள். நடிகர் விவேக் ஏப்ரல் 15-இல் ஊசி போட்டார், 17-இல் இறந்தார். அது பொய்யா? நம் மலையிலேயே நீலகிரித் தைலம் இருக்கிறது. ஆவி பிடித்தால் போதும். கபசுரக் குடிநீர் இருக்கிறது.

பழைய லேப் ஆள் | 13 ஜூன்

விவேக் இறந்தது பொய் இல்லை. மக்கள் பயப்படக்கூடாது என்று முன்வந்து அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்ட மனிதர், அந்த வருத்தம் எனக்கும் உண்டு. இதயத்தின் முக்கிய ரத்தக் குழாய் முழுக்க அடைத்திருந்தது என்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். அப்படி ஓர் அடைப்பு இரண்டு நாளில் உருவாவதில்லை.

தைலத்தில் ஆவி பிடித்தால் மூக்கடைப்பு விடும். வைரஸ் சாகாது. தெருவில் ஒரே குக்கரில் குழாய் மாட்டி ஊரே ஆவி பிடிப்பதை அமைச்சர் மா.சுப்பிரமணியனே நிறுத்தச் சொன்னார். ஒருவர் மூச்சை இன்னொருவர் இழுப்பதுதான் அதில் நடக்கும்.

பந்தலூர் டீச்சர் | 14 ஜூன்

எல்லாரும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்றே பேசுகிறீர்கள். கூடலூர், பந்தலூரும் நீலகிரிதான்.

எங்களுக்குப் பக்கத்து ஊர் கேரளத்தின் சுல்தான் பத்தேரி. பிரசவம், ஸ்கேன், எலும்பு முறிவு எல்லாவற்றுக்கும் வயநாட்டுக்குத்தான் போவோம். ஊரடங்கு என்றதும் சோலாடி, தாளூர், பாட்டவயல், நாடுகாணி என்று எல்லைச் சோதனைச் சாவடிகள் எல்லாம் அடைபட்டன. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஊட்டியில். கூடலூரிலிருந்தே ஐம்பது கிலோமீட்டர் ஏற்றம். அங்கேயும் முடியாது என்றால் மலையின் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிக் கோவைக்குப் போக வேண்டும். அரை மணியில் போகிற இடத்தைவிட்டு அரை நாள் பயணம். மாநில எல்லையைக் கோடாகப் பார்க்கிறவர்களுக்கு அது புரியாது. எங்களுக்கு எல்லை என்பது ஒரு பாலம், அதற்கு அந்தப் பக்கம் அத்தை வீடு.

பள்ளி விஷயம் இன்னும் மோசம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வருகிறது, நல்ல பாடம்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது தினசரி. செல்போன் சிக்னலுக்கு மேட்டில் ஏறி நிற்க வேண்டும். அந்த மேடு யானை வருகிற வழி. சாயங்காலம் ஐந்துக்கு மேல் பிள்ளைகளை அங்கே அனுப்பாதீர்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சுவது என் வேலையாகிவிட்டது.

என் வகுப்பில் பணியர் குழந்தைகள் அதிகம். அவர்கள் வீட்டில் பேசுவது பணிய மொழி. பள்ளிக்கு வந்து, கேட்டுக் கேட்டுத்தான் தமிழ் பிடிபடும். ஒரு வருடம் வராமல் போனால் எழுத்து மட்டும் இல்லை, பேச்சே விட்டுப்போகிறது. வீடு தேடிப் போய்ப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பையன் காப்பித் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறான். இன்னொரு குடும்பம் இஞ்சி வேலைக்குக் குடகுக்குப் போய்விட்டது. அவனுக்கு நான் என்ன அசைன்மென்ட் கொடுப்பது? டாக்சி நின்றால் ஒரு வருடம் கழித்து மறுபடியும் ஓட்டலாம். இந்தப் பிள்ளை திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

டிரைவர் தம்பி கோபிக்க வேண்டாம்.

சேரிங்கிராஸ் டிரைவர் | 14 ஜூன்

கோபம் இல்லை டீச்சர். என் பெண்ணும் ஆறாம் வகுப்பு. ஒரு போன்தான் இருக்கிறது, சவாரிக் கால் வருமோ என்று நான் அதைக் கையிலேயே வைத்திருந்த நாட்களும் உண்டு.

மலைமேல் நர்ஸ் | 20 ஜூன்

இந்த இழையை என் தங்கை அனுப்பினாள். இரண்டு வாரமாகப் படிக்க நேரம் இல்லை. நான் கிராம சுகாதார செவிலியர். இந்த மாத இறுதிக்குள் மாவட்டத்தில் 18 வயது முடிந்த எல்லாப் பழங்குடியினருக்கும் முதல் தவணை போட்டு முடிக்க வேண்டும் என்று கலெக்டர் இன்னசென்ட் திவ்யா மேடம் இலக்கு வைத்திருக்கிறார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பிரிவு. என் பகுதியில் குறும்பரும் இருளரும்.

வெளியிலிருந்து பார்த்தால் ஊசி போடுவது ஒரு நிமிட வேலை. உள்ளே இருந்து சொல்கிறேன். கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்து டோஸ். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டும். ஐஸ் பேக் அடுக்கிய கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜீப் போகிற வரை ஜீப், அப்புறம் நடை. இறங்கிப் போனால் ஊரில் மூன்று பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் தேன் எடுக்கவோ தோட்ட வேலைக்கோ போயிருப்பார்கள். மூன்று பேருக்காகக் குப்பியைத் திறந்தால் ஏழு டோஸ் வீண். திறக்காமல் வந்தால் அந்த மூவரும் அடுத்த முறை இருப்பார்கள் என்று என்ன நிச்சயம்? ஊசி தட்டுப்பாட்டில் இருக்கும் மாநிலத்தில் ஏழு டோஸைக் கொட்ட யாருக்கு மனம் வரும்?

அதனால் நேரத்தை மாற்றினோம். வேலை முடிந்து திரும்புகிற சாயங்காலத்தில் போக ஆரம்பித்தோம். ஊர் மூப்பரையும், அந்த ஊரிலேயே படித்த ஒரு பெண்ணையும் முதலில் பார்த்துப் பேசினோம். அவர்கள் மொழியில் அந்தப் பெண் சொன்னதில் பாதிகூட என்னால் சொல்லியிருக்க முடியாது.

பயம் இருந்தது, உண்மை. எங்களைப் பார்த்ததும் சரிவில் இறங்கி மறைந்தவர்கள் உண்டு. குழந்தை பிறக்காது, ஆண்மை போய்விடும் என்ற அதே வாட்ஸ்அப் கதை அங்கேயும் வந்திருக்கிறது. படித்தவர்கள் இதைக் காட்டுக்குள் இருப்பவர்களின் அறியாமை என்கிறார்கள். அந்த வீடியோவை எடுத்தது காட்டில் இருப்பவர் இல்லையே.

உட்கார்ந்து கேட்டால் வேறு காரணமும் வரும். ஒரு அம்மா சொன்னார்: "ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல்னு சொல்றீங்க. ரெண்டு நாள் கூலியை யாரு தருவா?" இதற்கு எந்த விழிப்புணர்வு நோட்டீஸிலும் பதில் இல்லை. மறுநாள் வேலை இல்லாத சனிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து அங்கே போனோம். ஆளுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தோம். காய்ச்சல் வரும், பயப்படாதே என்று முன்னாடியே சொல்லிவிட்டால் வந்தபோது பயப்படுவதில்லை. சொல்லாமல் விட்டால்தான் ஒருவருக்கு வந்த காய்ச்சல் பக்கத்து ஊர் வரை வதந்தியாகப் போகும்.

எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான், "நீ போட்டியா?" போட்டேன், ஜனவரியிலேயே. முன்களப் பணியாளர் என்று முதலில் எங்களுக்குத்தான் வந்தது. அப்போது எங்களிலேயே பாதிப் பேர் தயங்கினார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

டிரைவர் தம்பிக்கு: தோட்டத் தொழிலாளர், வண்டி ஓட்டுபவர், கடைக்காரர் என்று அடுத்தடுத்து முகாம் வரும். கோவின் செயலியில் ஸ்லாட் தேடி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆதாரை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், அங்கேயே பதிவார்கள்.

லைன்வீடு | 20 ஜூன்

அக்கா, உங்களுக்குக் கோடி கும்பிடு. எங்கள் லைனில் நேற்று முகாம் நடந்தது. அப்பா போட்டுக்கொண்டார்.

சமவெளிக்காரன் | 21 ஜூன்

கோவையில் டோக்கனுக்காக விடியற்காலை நாலு மணிக்கு வரிசை. மலைக்கிராமத்தில் தேடி வந்து போடுகிறார்கள். பொறாமை இல்லை, நல்ல விஷயம். ஆனால் இங்கே எங்களுக்கும் ஏதாவது முறை செய்யலாம் இல்லையா?

வர்க்கிக் கடை | 21 ஜூன்

பிளேக் வந்த காலத்தில் உங்கள் ஊரில் பிளேக் மாரியம்மன் கோயில் கட்டினார்கள். இப்போது கொரோனா தேவியையும் வைத்துவிட்டார்கள். டோக்கன் மாரியம்மன் பாக்கி. (சும்மா சொன்னேன் சார், அன்றைக்குப் பேசியதை மனதில் வைக்காதீர்கள். திறந்ததும் வாங்க, வர்க்கி என் கணக்கு.)

சேரிங்கிராஸ் டிரைவர் | 29 ஜூன்

முதல் ஊசி போட்டாச்சு. கோவிஷீல்டு. ராத்திரி நல்ல குளிர்க் காய்ச்சல், காலையில் சரியாகிவிட்டது. ஸ்டாண்டிலிருந்து கூட்டமாகத்தான் போனோம்.

பச்சைத்தேயிலை | 6 ஜூலை

நேற்று முதல் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே மாதிரித் தளர்வு. மாவட்டத்துக்குள் பஸ் ஓடுகிறது. பழங்குடியினர் எல்லாருக்கும் முதல் தவணை முடிந்தது என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்திருக்கிறது. ஏறத்தாழ 21 ஆயிரம் பேர். நர்ஸ் அம்மாவுக்கு இதில் பங்கு உண்டு.

முன்னால் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன், கேட்டை அன்றைக்குப் பூட்டியது சரிதான். ஆனால் பூட்டியிருந்த காலத்தில் என்ன செய்தோம் என்பதுதான் கணக்கு. போன வருடமும் பூட்டினோம், திறந்தபோது கையில் ஒன்றும் இல்லை. இந்த முறை ஊசி இருக்கிறது.

மலைமேல் நர்ஸ் | 6 ஜூலை

நன்றி ஐயா. எல்லாருக்கும் முடிந்தது என்று பேப்பரில் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. வெளியூர் வேலைக்குப் போனவர்கள், கர்ப்பிணிகள் என்று எங்கள் நோட்டில் இன்னும் பெயர்கள் இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கும் போடலாம் என்று மத்திய அரசு இப்போதுதான் அனுமதித்திருக்கிறது. இரண்டாவது தவணைக்கு மறுபடியும் அதே சரிவு, அதே கேரியர்.

பந்தலூர் டீச்சர் | 2 செப்டம்பர்

நேற்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்களுக்குப் பள்ளி திறந்தது. என் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு, அவர்களுக்கு இன்னும் தேதி இல்லை. நானும் மற்ற ஆசிரியர்களும் ஊசி போட்டாச்சு. காப்பித் தோட்டத்தில் நின்ற பையனை வாரம் இருமுறை போய்ப் பார்க்கிறேன். வாசிக்கிறான், தட்டுத் தடுமாறி. குடகுக்குப் போன குடும்பம் பற்றித் தகவல் இல்லை. அந்தப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.

சேரிங்கிராஸ் டிரைவர் | 7 செப்டம்பர்

தாவரவியல் பூங்கா ஆகஸ்ட் 23-இல் திறந்தது, நேற்று மலை ரயிலும் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. சனி ஞாயிறு சவாரி வருகிறது. மற்ற நாளில் ஸ்டாண்டில் கேரம் போர்டுதான். இரண்டாவது சீசன் எப்படி என்று அக்டோபரில் தெரியும். தவணை மூன்று பாக்கி, வங்கியில் பேசி வைத்திருக்கிறேன்.

நர்ஸ் அக்கா, ஒரு சந்தேகம். வருகிற ஞாயிறு 12-ஆம் தேதி மெகா முகாம் என்கிறார்கள். அதில் எனக்கு இரண்டாவது ஊசி போடுவார்களா?

மலைமேல் நர்ஸ் | 7 செப்டம்பர்

கோவிஷீல்டுக்கு 84 நாள் முடிய வேண்டும் தம்பி. நீங்கள் ஜூன் கடைசியில் போட்டீர்கள், 12-ஆம் தேதிக்குள் அவ்வளவு நாள் ஆகாது. கோவினில் பதிவு ஏறாது, வீணாக வரிசையில் நிற்காதீர்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் அதே போன் எண்ணோடு வாருங்கள், எண்ணை மாற்றினால் சான்றிதழ் இரண்டாகப் பிரிந்துவிடும். 12-ஆம் தேதிக்கு உங்கள் ஸ்டாண்டில் முதல் ஊசியே போடாதவர் இருந்தால் அனுப்புங்கள்.

சேரிங்கிராஸ் டிரைவர் | 7 செப்டம்பர்

மூன்று பேர் இருக்கிறார்கள், கூட்டி வருகிறேன். நான்காவது ஆளும் இருந்தான். டாஸ்மாக்கில் தடுப்பூசிச் சான்றிதழ் காட்டினால்தான் பாட்டில் என்று கலெக்டர் சொன்னதும், யாரும் சொல்லாமலே ஓடிப்போய்ப் போட்டுவிட்டான்.